ஆண்டுக்கு ஒரு செயற்றிட்டம், அது ஊர்க் குளமாக இருக்கட்டும்: வன்னிக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா, மன்னார், மடுப் பகுதிகளின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும், அதிபர்களுக்கும்,

வணக்கம்.

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்புறக் கிராமம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உங்களிடம் கேட்க ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது. தரம் 9 பிள்ளைகளுக்குப் பாடத்துக்குப் பாடம் தனித்தனி ஒப்படை கொடுப்பதை நிறுத்தி, ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு செயற்றிட்டத்தைக் கொடுக்க எங்களை அனுமதியுங்கள். கணிதம், விஞ்ஞானம், புவியியல், வரலாறு, தமிழ், குடியியல் எல்லாம் அந்த ஒரு வேலைக்குள் வரட்டும். அந்தந்தப் பாட ஆசிரியர் தமக்குரிய கணிப்பீட்டுப் புள்ளியை அதிலிருந்தே எடுக்கட்டும். தலைப்புக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். வன்னியில் பாடசாலைக்குப் பக்கத்துக் குளம் போதும்.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியும். மேற்பார்வைக்கு வரும்போது அலுமாரியில் அடுக்கிக் காட்டுகிறோமே, அந்தக் கோப்புகளைத்தான் சொல்கிறேன். தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது எல்லாப் பாடத்திலும் ஒப்படை வந்து விழும். பிள்ளை சந்தியில் உள்ள கொமினிகேசனுக்கு ஓடும். கடைக்காரர் இணையத்தில் தேடிப் படத்தோடு அச்சடித்து, சுருள் கம்பி போட்டுக் கொடுப்பார். தாய் கூலிக்குப் போய்ச் சேர்த்த காசு அதற்குப் போகும். நீர் மாசடைதல் பற்றி வந்த ஒரு கோப்பில் எங்கோ ஒரு வெளிநாட்டு ஆற்றின் படம் ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுவந்த பிள்ளை நாள்தோறும் சைக்கிளில் கடந்து வரும் குளத்தில் பாதியை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. குளத்தைப் பார் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை, பார்ப்பதற்கு நேரமும் கொடுக்கவில்லை.

குளத்தைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வழக்கமான ஓர் ஆண்டில் பாடசாலை ஆண்டும் குளத்தின் ஆண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடுகின்றன. முதலாம் தவணை தொடங்கும் ஜனவரியில் வடகீழ்ப் பருவமழையின் தண்ணீரோடு குளம் நிரம்பி நிற்கும், சில ஆண்டுகளில் வான் பாயும், அதாவது மிகுதித் தண்ணீர் வழிந்தோடும். மாரிமழையில் விளையும் காலபோக அறுவடை முடியும் நேரத்தில், கோடையில் குளத்து நீரால் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடலாம் என்று சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர் வாதாடுவார்கள். பிறகு குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் துருசு (மதகு) திறக்கும். இரண்டாம் தவணை முழுவதும் நீர்மட்டம் அடி அடியாக இறங்கும். மூன்றாம் தவணை தொடங்கும் செப்டெம்பரில் குளத்தின் நடுவில் மாடு மேயும், ஒக்டோபரில் முதல் மழை விழும். பிள்ளைகள் ஓர் அளவுகோலையும் ஒரு பதிவேட்டையும் வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பின்தொடரக்கூடிய விடயம் இதைவிட வேறு என்ன இருக்கிறது? இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை போன்ற பெரிய குளங்கள்தான் வேண்டும் என்று இல்லை. ஐம்பது ஏக்கருக்குப் பாயும் சிறிய குளம் இன்னும் வசதி, பிள்ளை ஒரு காலை நேரத்தில் சுற்றி நடந்துவிடலாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 100 ஹெக்டேயர் நீர்ப்பரப்பில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், போகும் தண்ணீர் 5,000 கனமீற்றர். அதாவது 50 இலட்சம் லீற்றர், ஒரே நாளில், யாருடைய வயலுக்கும் பாயாமல். இதைக் கரும்பலகையில் எழுதினால் அலகு மாற்றும் பயிற்சி. பிள்ளை தானே ஒரு தகரத் தட்டில் தண்ணீர் வைத்து, கிழமை முழுவதும் அளந்து, அந்த 5 தன் ஊரில் 4 ஆகிறதா 6 ஆகிறதா என்று கண்டுபிடித்தால், அது தன் ஊரைப் பற்றித் தானே அறிந்த ஒன்று. நீர்ப்பாசனக்காரர் பேசும் ஏக்கர் அடியை, அதாவது ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீரை, ஏறத்தாழ 1,233 கனமீற்றர் என்று மாற்றிப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்குப் பெரியவர்களின் கூட்டத்தில் நடக்கும் பேச்சு விளங்கத் தொடங்கும்.

சனிக்கிழமைகளில் விருப்பமான பிள்ளைகளோடு நாங்கள் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளப்பதுதான் வேலை. பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியை மிதக்கவிட்டு நேரம் பார்த்தார்கள். காற்று குச்சியைத் தள்ளியது, ஒவ்வொரு தடவையும் வேறு விடை. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து தேசிக்காய் கொண்டுவந்தாள். அது முக்கால்வாசி தண்ணீருக்குள் அமிழ்ந்தபடி மிதக்கும், காற்றுக்கு அவ்வளவு அசையாது. அதன் பிறகு விடைகள் கிட்டக் கிட்ட வந்தன. உதாரணத்துக்கு, தேசிக்காய் 10 மீற்றரை 25 செக்கனில் கடந்தால் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். வாய்க்கால் 1.2 மீற்றர் அகலம், அரை மீற்றர் ஆழம் என்றால் குறுக்குவெட்டு 0.6 சதுர மீற்றர். பெருக்கினால் செக்கனுக்கு 240 லீற்றர். ஆனால் அடியிலும் கரையிலும் உரசும் தண்ணீர் மெதுவாகத்தான் போகும், மேற்பரப்பின் வேகத்தை அப்படியே எடுக்கக்கூடாது. அதனால் 0.85 ஆல் பெருக்குவது வழக்கம். ஏறத்தாழ 200 லீற்றர் வரும். உராய்வு என்ற பாடத்தை நான் அன்று தனியாகப் படிப்பிக்கத் தேவைப்படவில்லை. ஏன் 0.85 என்று அவர்களே கேட்டார்கள்.

பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். துருசுக்குக் கிட்ட ஓர் அளவு, வாய்க்காலின் கடைசியில் ஓர் அளவு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். மேல் வயல்காரர் தண்ணீரைக் களவெடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். கமக்காரர் அமைப்பின் முன்னால் அதை வாசிக்கவும் போனார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு வயதான ஐயா கோபப்படவில்லை. "வாய்க்கால் குடிச்ச தண்ணியை எந்தக் கணக்கில போட்டனீங்கள், பிள்ளையள்?" என்று மட்டும் கேட்டார். ஒருவரிடமும் பதில் இல்லை. அடுத்த கிழமை கிளை வாய்க்கால்கள் எல்லாம் பூட்டியிருந்த நேரம் பார்த்து, மண் வாய்க்காலில் மூன்று இடத்திலும் சீமெந்து போட்ட பகுதியில் இரண்டு இடத்திலும் அளந்தார்கள். மண் வாய்க்காலில் கசிவு நன்றாகவே தெரிந்தது. களவு நடக்கவே இல்லை என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் ஒருவர்மேல் குற்றம் சொல்வதற்கு முன் வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று தேட வேண்டும் என்பது அவர்களுக்குப் பட்டது. விஞ்ஞானமும் குடியியலும் ஒரே இடத்தில் சந்தித்த அந்த ஒரு மணி நேரத்தை எந்த வினாத்தாளிலும் என்னால் உண்டாக்க முடியாது.

மற்றப் பாடங்களையும் யோசித்துப் பாருங்கள். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த நிலத்துக்குப் பாயும் குளங்கள் சிறுகுளங்களாகக் கணக்கிடப்பட்டுக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன, பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். எங்கள் குளம் யாருடையது, உடைப்பு ஏற்பட்டால் யாருக்குக் கடிதம் எழுதுவது என்று கண்டுபிடித்து, அந்தக் கடிதத்தை உண்மையாகவே எழுதி அனுப்புவது குடியியலுக்கும் தமிழுக்கும் சேர்த்து ஒரு வேலை. குளத்தில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு திலாப்பியா, அது 1952இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் இந்தத் தண்ணீரில் என்ன மீன் இருந்தது என்று வயதானவர்களைக் கேட்டால் உயிரியலும் வரலாறும் ஒன்றாக வரும். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கிறதா என்று பார்த்தாலே தண்ணீரின் வன்மையை (கடினத்தன்மையை) ஒப்பிடலாம். வவுனியா வடக்குப் பிள்ளைகள் இதைச் செய்யும்போது, குடிதண்ணீரோடு சேர்த்துப் பேசப்படும் சிறுநீரக நோய் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட அந்த நோய்க்கு ஒரே காரணம் இன்னதுதான் என்று ஆய்வாளர்களே இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதையும் அந்தப் பிள்ளைகள் அப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

வரலாறு பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் குடும்பங்கள் ஒரே வழியாக இங்கு வந்தவை அல்ல. யாழ்ப்பாணத்து நெருக்கடியைக் குறைக்க 1936இல் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1950களில் குளங்கள் புனரமைக்கப்பட்டபோது காணி கிடைத்து வந்தவர்கள், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டோடு வாழ்ந்தவர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் குளத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியது தண்ணீர்தான். பாடநூலில் இந்த வரலாறு இரண்டு வரிகூட இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் வகுப்பிலேயே அந்த வரலாறு உருவாகிவிடும்.

இப்படிக் கேட்கப் போனால் போர் முடிந்த 2009 வரும். வராமல் இராது. அதை ஆசிரியர் வலிந்து கேட்கக்கூடாது, புள்ளிக்காகப் பிள்ளை அதை எழுதவும் கூடாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தை வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். யாராவது தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம், கோப்பில் ஒட்டமாட்டோம். செயற்றிட்டத்தின் வழிகாட்டியில் இது எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

செய்வதால் படிப்பது என்பது புதிய சிந்தனை ஒன்றும் இல்லை. அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோன் டூயி 1896இல் சிக்காகோவில் தொடங்கிய பாடசாலையில் பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் கணக்கும் இரசாயனமும் படித்தார்கள். அவரைப் பின்பற்றிய வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயற்றிட்ட முறை பற்றி எழுதினார். 1937இல் வார்தாவில் காந்தி கைத்தொழிலை நடுவில் வைத்த ஆதாரக் கல்வியை முன்வைத்தார். எங்கள் நாட்டிலும் 1930களில், கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் நடந்தது. 1972 மறுசீரமைப்பில் ஒவ்வொரு பிரதேசத்தின் தொழிலையும் ஒட்டித் தொழில் முன்னிலைப் பாடங்கள் வந்தன. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அவை போய்விட்டன.

ஹந்தெஸ்ஸவும் 1972ம் ஏன் நிலைக்கவில்லை என்பதை நாங்கள் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பயிற்றப்பட்ட ஆசிரியர் பற்றாக்குறை ஒன்று. அதைவிடப் பெரியது பெற்றோரின் சந்தேகம். நகரத்துப் பிள்ளை ஆங்கிலமும் விஞ்ஞானமும் படித்து டொக்டராக, என் பிள்ளை மட்டும் மண்வெட்டி பிடிக்கப் படிப்பதா என்று அவர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. வன்னியில் அதை இன்னும் கூர்மையாகக் கேட்பார்கள். போரில் வீடு, நிலம், நகை எல்லாம் இழந்த ஒரு தாய்க்கு மிஞ்சியிருப்பது பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேறு ஒன்றுதான். ஒன்பது ஏ எடுத்தால் பிள்ளை தப்பிவிடும் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை அசைக்கும் எதையும் அவர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது.

ஆகவே குளத்தை ஒரு தனிப் பாடமாக, தொழிற்கல்வியாக, பின்தங்கிய பாடசாலைக்கென்று ஒதுக்கிய ஒன்றாகக் கொண்டுவந்தால் 1972இல் நடந்ததுதான் மறுபடி நடக்கும். கணிதம் கணிதமாகவே இருக்க வேண்டும். பைதகரஸ் தேற்றத்தை முதலில் வகுப்பறையில் ஒழுங்காகப் படிப்பிக்க வேண்டும், பயிற்சி செய்ய வைக்க வேண்டும், அதன் பிறகு குளக்கட்டின் சரிவை அளக்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அடிப்படையைப் படிப்பிக்காமல் பிள்ளைகளைக் குளத்தில் விட்டால் அவர்கள் குளிப்பார்கள், படிக்கமாட்டார்கள். செயற்றிட்டம் என்ற பெயரில் வெறும் சுற்றுலாவாகப் போனதை நானும் பார்த்திருக்கிறேன். கிளிநொச்சி நகரத்தின் பெரிய பாடசாலைகளிலும் உள்ளூர்ப் பாடசாலைகளிலும் ஒரே நேரத்தில் இதைத் தொடங்க வேண்டும் என்று நான் கேட்பதும் இதனால்தான். நல்ல பெறுபேறு எடுக்கும் பாடசாலை செய்தால்தான் எங்கள் ஊர்ப் பெற்றோர் நம்புவார்கள்.

பாடத்திட்டம் முடியாது என்பீர்கள். உண்மைதான், இப்போதே முடிவதில்லை. ஆனால் எட்டுப் பாடத்துக்கு எட்டு ஒப்படை வாங்கி, திருத்தி, பதிந்து போகும் நேரத்தை யாராவது கூட்டிப் பார்த்தார்களா? அதை ஒன்றாக்கினால் மிஞ்சும் நேரத்தில் கிழமைக்கு ஒரு நாள் அடுத்தடுத்து இரண்டு பாடவேளை ஒதுக்கலாம். அது ஒவ்வொரு கிழமையும் ஒரே பாடத்தின் நேரத்தைத் தின்னாமல் சுழற்சியில் வர வேண்டும். பின்லாந்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், பல பாடங்கள் சேர்ந்த ஒரு கற்றல் தொகுதியை ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு பாடசாலையும் நடத்த வேண்டும் என்று சொல்கிறது. அவர்களே எல்லாவற்றையும் செயற்றிட்டமாக்கச் சொல்லவில்லை, ஒன்றைத்தான் கேட்கிறார்கள். நானும் அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஆசிரியர் இடமாற்றம் வேறொரு தொல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகும் ஆசிரியர்கள் மாலை வேலைக்கு நிற்க முடியாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வேலை பாடசாலை நேரத்துக்குள் நடந்தால் இந்தப் பிரச்சினை பாதியாகும். மற்றப் பாதிக்கு, குளத்தின் பதிவேடு பாடசாலைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். கணித ஆசிரியர் நடு ஆண்டில் மாறிப் போனாலும் புதியவர் அதைத் திறந்து தொடரலாம். அப்படி ஐந்தாறு ஆண்டு சேர்ந்தால், எந்தத் திணைக்களத்திடமும் இல்லாத அளவுக்கு அந்தச் சிறு குளத்தின் மழை, நீர்மட்டம், வரட்சி எல்லாம் பாடசாலையின் கையில் இருக்கும். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்தபோது எங்கள் ஊர்க் குளம் எத்தனை மணித்தியாலத்தில் எவ்வளவு உயர்ந்தது என்று எழுதி வைத்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

புள்ளி போடுவது பற்றி. அட்டையின் அழகுக்குப் புள்ளி கொடுப்பதை நிறுத்த வேண்டும். என் எண்ணத்தில் பெரும்பங்கு புள்ளி, பிள்ளை தன் கையால் எழுதிய பதிவேட்டுக்கும் தனித்தனியாகக் கேட்கும் ஐந்து நிமிட வாய்மொழிக் கேள்விக்கும் போக வேண்டும். குழுவாகச் செய்த வேலைக்கு மிகுதி. நீ எப்படி அளந்தாய், விடை ஏன் மாறியது, அடுத்த தடவை என்ன செய்வாய் என்று கேட்டால், வேலை செய்த பிள்ளையும் கொமினிகேசனில் வாங்கிய பிள்ளையும் உடனே தெரிந்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றி நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக உறுதிப்படுத்தப்பட்ட நிலத்தில் மட்டுமே, நடைபாதையை விட்டு விலகாமல், கிராம அலுவலரிடமும் கமக்காரர் அமைப்பிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். துருசடியில் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக்கூடாது. யானை நடமாடும் பக்கங்களில் காலை எட்டு மணிக்குப் பிறகே போக வேண்டும். இவ்வளவையும் எழுதிக் கொடுத்தாலும் இன்று ஒரு வகுப்பை அரை மைல் தூரத்துக் குளத்துக்குக் கூட்டிப்போக, கொழும்புச் சுற்றுலாவுக்கு வேண்டிய அத்தனை படிவமும் வேண்டும். ஊருக்குள் நடக்கும் களவேலைக்கு அதிபரின் அனுமதி போதும் என்று ஒரு சுற்றுநிருபம் வந்தால் பாதித் தடை நீங்கிவிடும்.

ஜனவரி நேரசூசியை அதிபர்கள் டிசம்பர் விடுமுறையில் எழுதத் தொடங்குவார்கள். ஒவ்வொரு வலயத்திலும் இரண்டு பாடசாலையை, ஒன்று நகரத்தில் ஒன்று உள்ளூரில், தெரிந்தெடுத்து நவம்பர் முடிவதற்குள் அறிவித்தால் முதல் தவணையிலேயே தொடங்கலாம். ஒரு செயற்றிட்டத்தின் புள்ளியைப் பல பாடங்களுக்கு எடுக்கலாம் என்ற எழுத்துமூல அனுமதியும், களவேலைச் சுற்றுநிருபமும் அதோடு வர வேண்டும். காசு அதிகம் தேவைப்படாது: அளவு நாடா, கயிறு, மழைமானிக்கு வெட்டிய போத்தல், பிஎச் தாள், தடித்த பதிவேடு ஒன்று. எங்கள் பிள்ளைகளின் பதிவேட்டையும், நாங்கள் பாவித்த வாய்மொழிக் கேள்விகளையும் பார்க்க விரும்பும் ஆசிரிய ஆலோசகர்கள் எந்தச் சனிக்கிழமையும் வரலாம், காலை ஒன்பது மணிக்குத் துருசடியில் நிற்போம்.

இப்படிக்கு,
தரம் 9 விஞ்ஞான ஆசிரியர்,
கிளிநொச்சி மாவட்டம்